பெட்ரோல் டாங்கியைப் பெரிதாக்குதல்

மணாலியிலிருந்து லே நகரத்துக்குச் செல்லும் மலைப்பாதையில், சந்திரா நதியும் பாகா நதியும் ஒன்றுகூடுகின்ற தாண்டி என்னும் சிற்றூரிலுள்ள பெட்ரோல் பங்க்கில், இனி 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் அடுத்த பங்க் என்று அறிவிக்கும் பலகையொன்று நெடுங்காலமாக நின்றது. அதன் அருகே மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளாமல் திரும்பிய தென்னாட்டுப் பிரயாணிகள் மிகச் சிலரே இருப்பர். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பாகவே இமயமலைப் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்யத் தொடங்குகிற இளைஞர்கள், அந்தப் பலகையின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான், "டேங்க்கைக் கொஞ்சம் பெருசாக்கிட்டா என்ன?" என்று பட்டறைக்காரரிடம் கேட்கிறார்கள்.

அக் கேள்விக்குப் பட்டறையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் தகட்டையும் வெல்டிங்கையும் கூலியையும் பற்றியதாக இருக்கும். பௌதிக சாஸ்திரமும் ரசாயன சாஸ்திரமும் தருகின்ற விடை அதைவிட விரிவானது. பெட்ரோல் டாங்கி காற்றை உள்ளிழுத்து ஆவியை வெளிவிட்டுக்கொண்டும், உஷ்ணத்தில் விரிந்து குளிரில் சுருங்கிக்கொண்டும், உள்ளிருக்கும் திரவம் குறையக் குறைய வண்டியின் பாரத்தையும் ஸ்திரத்தையும் மாற்றிக்கொண்டும் இருக்கிற ஓர் அங்கம். ஆகையால் அதனைப் பெரிதாக்குகிறவர் வண்டி முழுவதிலும் கைவைக்கிறார் என்பதையே இங்கே விளக்க விரும்புகிறேன்.

தார்ச்சாலையிலும் மண் தடத்திலும் ஒருங்கே ஓடத்தக்கவாறு, உயர்ந்த சக்கரமும் நீண்ட ஷாக் அப்சார்பரும் கொண்டு அமைக்கப்பட்ட வண்டிகளுக்கு 'டூயல் ஸ்போர்ட்' என்று பெயர். நம் நாட்டில் 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் வண்டியின் டாங்கி ஏறக்குறைய 11 லிட்டர் கொண்டது. 2019-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 13 லிட்டர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட் 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் 15 லிட்டர். 2023-இல் வந்த அதன் புதிய வடிவம் 17 லிட்டர். அயல்நாடுகளிலோ, எடையைக் குறைக்கும் பொருட்டு ஹோண்டா எக்ஸ்.ஆர். 650 எல் போன்ற பெரிய எஞ்சின் வண்டிகளுக்கும் பத்தரை லிட்டர் அளவிலேயே டாங்கி அமைத்தார்கள். பாலைவனங்களைக் கடந்து செல்லும் ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பிரயாணிகளுக்கு அது போதவில்லை. அவர்களுடைய குறையைத் தீர்க்கவே இத்தாலியின் ஆசெர்பிஸ், ஆஸ்திரேலியாவின் சஃபாரி, கலிபோர்னியாவின் ஐ.எம்.எஸ். ஆகிய ஸ்தாபனங்கள் 20 லிட்டரும் 30 லிட்டரும் கொள்ளும் பிளாஸ்டிக் டாங்கிகளைத் தனியே செய்து விற்கலாயின. இதற்கெல்லாம் ஊக்கம் தந்தது 1978 டிசம்பர் 26-ஆம் தேதி முதன்முதலாகத் தொடங்கிய பாரிஸ்-டக்கார் பந்தயம். சஹாராவின் ஒரு பகுதியான டெனெரேயின் பெயரைத் தாங்கி 1983-இல் யமஹா வெளியிட்ட வண்டி, ஆலையிலிருந்து வரும்போதே 30 லிட்டர் அளவிலான டாங்கியோடு வந்தது.

இத்தனை சிறிய பாத்திரத்திலிருந்து இத்தனை நீண்ட பிரயாணம் கிடைப்பதற்குக் காரணம் பெட்ரோலில் அடங்கியுள்ள சக்தியின் செறிவே. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல், அதாவது நம் வீட்டு மின்சார மீட்டர்க் கணக்கில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் ஸ்தாபனம் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலங்களைச் செய்து மோட்டார் வண்டிகளுக்கு அளித்தது. ஆள் உயரக் கலமும், கரி மூட்டையும், அதைக் கிளறிவிட ஒரு கையும் சேர்ந்து செய்த வேலையைச் சில லிட்டர் திரவம் சந்தடியின்றிச் செய்துவிடும் என்பதை அக் காலத்தார் நேரிற் கண்டறிந்தார்கள்.

ஆயின் நமக்கு உண்மையாகவே பெரிய டாங்கி அவசியமா என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் சற்றேறக்குறைய 90 கிலோமீட்டர். எத்திசையில் புறப்பட்டாலும் வழிநெடுகப் பங்க் உண்டு. செட்டிநாட்டுக்குள்ளே ஓடும் வண்டிக்குப் பெரிய டாங்கியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். மலைநாட்டுப் பயணத்தில் மட்டுமே கணக்கு மாறுகிறது. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் வண்டி 15 லிட்டரில் 450 கிலோமீட்டர் செல்லும். ஆனால் மூட்டை முடிச்சும் பின்னால் ஓர் ஆளும் ஏறி, மணலிலும் ஏற்றத்திலும் முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்தால், மைலேஜ் 25-க்கு இறங்கி, 375 கிலோமீட்டரே மிஞ்சும். அந்தப் பலகையின் 365-ஐக் கழித்தால் கைவசம் நிற்பது பத்தே கிலோமீட்டர். இதனுடன் இப்போது பெட்ரோலில் கலக்கப்படுகிற எத்தனாலையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல் சக்திதான் உண்டு. ஆகவே நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்குரிய சக்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்துவிடுகிறது. 15 லிட்டர் டாங்கியில் அது ஒரு லிட்டர் பெட்ரோலை இழந்ததற்குச் சமானம்.

அவசியம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தபடியாக, டாங்கியின் மேல் எழுதியுள்ள கொள்ளளவு வேறு, எஞ்சினுக்குப் போய்ச் சேரும் அளவு வேறு என்பதை உணர வேண்டும். கண்மாயில் நீர் எவ்வளவு கிடந்தாலும், மடையின் மட்டத்துக்குக் கீழே தங்கிவிட்ட நீர் வயலுக்குப் பாயாது என்பது நம் சீமையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளின் டாங்கி, நடுவில் சட்டத்தின் குழாய் புகுந்து செல்வதற்காக அடிப்புறம் குடையப்பட்டு, இரண்டு புறமும் தொங்குகிற இரண்டு பைகளாக அமைந்திருக்கிறது. கொள்ளளவைக் கூட்ட விரும்புகிறவர்கள் இந்தப் பைகளைத்தான் அகலமாகவும் ஆழமாகவும் கீழே இறக்குகிறார்கள். பெட்ரோல் வெளியேறும் வாய் ஒரு பையில் மட்டும் இருந்து, இரண்டு பைகளையும் அடியில் இணைக்கும் குழாய் இல்லாவிட்டால், மறு பையில் நடுமேட்டுக்குக் கீழே உள்ளது அங்கேயே சிறைப்பட்டுவிடும். கார்புரேட்டர் வண்டியை வாய் உள்ள பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, அடுத்த பையிலுள்ள பெட்ரோலை இந்தப் பக்கம் வழிந்து வரச் செய்து, பிறகு தூக்கி நிறுத்தி ஓட்டிச் செல்லும் தந்திரம் பழைய பிரயாணிகளுக்குக் கைவந்தது. பைகள் கார்புரேட்டரின் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் இந்தத் தந்திரமும் பலிக்காது. எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் சிறு பம்ப் ஒன்றைப் பொருத்தியே பெட்ரோலை மேலேற்ற வேண்டும்.

இனி, டாங்கியின் சுவாசத்துக்கு வருவோம். பெட்ரோல் வெளியேறிய இடத்தைக் காற்று வந்து நிரப்பியாக வேண்டும். அதற்கென மூடியிலோ டாங்கியின் மேற்புறத்திலோ ஊசிமுனை போன்ற ஒரு துவாரமும், பல வண்டிகளில் அதனோடு ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயும் இருக்கும். காரைக்குடிச் செக்காலைப் பக்கத்துப் பட்டறையொன்றில் நான் நின்றுகொண்டிருந்தபோது, சிறிது தூரம் ஓடுவதும் நிற்பதும், கால் மணி நேரம் ஓய்ந்தபின் மறுபடி ஓடுவதுமாக இருந்த வண்டியொன்றை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. டாங்கியின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்த ஓசை எனக்கும் கேட்டது. ரப்பர்க் குழாயைக் கழற்றி ஊதியபோது, குளவி கட்டியிருந்த செம்மண் உருண்டை தெறித்து விழுந்தது. "அண்ணே, கார்புரேட்டர்ல ஒரு குத்தமும் இல்ல. டேங்க்குக்கு மூச்சு முட்டிப்போச்சு" என்றார் அவர்.

அவர் சொன்னது எவ்வளவு துல்லியமானது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். டாங்கியில் பெட்ரோல் 20 சென்டிமீட்டர் ஆழம் நிற்பதாகக் கொண்டால், அதன் பாரத்தால் வாயிலுள்ள அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான். அந்த ஒன்றரைப் பங்கே பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளும் சக்தி முழுவதும். காற்றுத் துவாரம் அடைபட்டிருக்க, மேலே 10 லிட்டர் காலியிடம் இருக்குமானால், அங்குள்ள காற்று நூற்றில் ஒன்றரைப் பங்கு விரிந்தவுடன், அதாவது 150 மில்லிலிட்டர் பெட்ரோல் வெளியேறியவுடன், உள்ளழுத்தம் குறைந்து ஓட்டம் நின்றுபோகும். பெட்ரோலின் ஆவி செய்யும் உதவியைச் சேர்த்தாலும் கால் லிட்டர், அல்லது அதற்குச் சற்று மேல் என்பதோடு சரி. வண்டி பத்துக் கிலோமீட்டருக்குள் நின்றுவிடும் என்பது இதனால் தெளிவு. டாங்கி முழுவதும் நிறைந்து, மேலே ஒரு லிட்டர் இடமே இருந்தாலோ, இந்த அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்து, சிறிது தூரத்திலேயே வண்டி நிற்கும். புதிதாகப் பெரிய டாங்கி பொருத்தி, அதை விளிம்பு வரை நிரப்பிப் புறப்பட்டவர்கள், பெட்ரோல் இத்தனை இருந்தும் வண்டி நிற்கிறதே என்று திகைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பெட்ரோலைப் பம்ப் செய்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இக் குறை உடனே தெரியாது. பம்ப் வலிந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளழுத்தம் குறையக் குறைய பெட்ரோல் பம்பின் வாயிலேயே ஆவிக் குமிழிகளாகப் பிரிந்து பம்பைப் பட்டினி போடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்தப் பம்ப் டாங்கிக்கு உள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. தன்னைச் சூழ்ந்துள்ள பெட்ரோலினாலேயே குளிர்ச்சியும் பெறுகிறது. ஆகவே புதிய டாங்கியின் அடித்தளம் அந்தப் பம்பின் விளிம்புக்கும் திருகுகளுக்கும் ரப்பர் வளையத்துக்கும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். பம்பின் வாய் டாங்கியின் தாழ்ந்த இடத்தில் அமையாமற் போனால், ஏற்றத்தில் பெட்ரோல் பின்னோக்கிச் சரியும்போது பம்ப் வறண்டு சூடேறும். அளவு காட்டும் மிதவையும் பழைய டாங்கியின் வடிவத்துக்கென அமைக்கப்பட்டது. புதிய டாங்கியில் அது பொய் சொல்லும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படுகிற, பி.எஸ்.-6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளிலோ, டாங்கியின் ஆவியை வெளியே விடாமல் உறிஞ்சி வைத்து, பின்பு எஞ்சினுக்கே அனுப்புகிற கரிப்பெட்டி ஒன்றும் உண்டு. அதற்குரிய குழாய்வாய் இல்லாத டாங்கியைப் பொருத்தினால் அந்த ஏற்பாடு முழுவதும் வீணாகும்.

எடையைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தில் பாதி நியாயமானது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. லிட்டர் முக்கால் கிலோ. பத்து லிட்டர் கூடுதலாக ஏற்றினால் ஏழரைக் கிலோ. வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து 260 கிலோ என்றும், இரண்டின் பொதுவான ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்றும், புதிய பெட்ரோல் ஒரு மீட்டர் உயரத்தில் அமர்கிறது என்றும் கொண்டால், மையம் உயர்வது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவே. ஓடும் வண்டியில் இது பெரிதன்று. மணலில் நின்றுவிட்ட வண்டி ஒரு புறம் சாயும்போதுதான், காலை ஊன்றித் தாங்குகிறவர் அந்த வேற்றுமையை உணர்கிறார். 190 கிலோ வண்டி 15 பாகை சாய்ந்தால் அதை நிமிர்த்தத் தேவைப்படும் திருப்புவிசை இந்தப் பத்து லிட்டரால் ஏறக்குறைய 7 சதவீதம் மிகுகிறது. அதே பெட்ரோல் அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் மிகுதியும் பாதியாகும். உயரமே இதில் முக்கியம். அளவு அதற்கு அடுத்ததுதான்.

இந்த உண்மையை டக்கார் பந்தய வண்டிகளில் கண்கூடாகப் பார்க்கலாம். ஒருமுறை நிரப்பினால் 250 கிலோமீட்டர் செல்லத்தக்க எரிபொருளைத் தாங்க வேண்டும் என்னும் நியதியால், அவை முப்பது லிட்டருக்கும் மேலாகச் சுமக்கின்றன. அந்தப் பாரம் முழுவதையும் மேலே ஏற்றாமல், முன்னே எஞ்சினின் இருமருங்கிலும் கீழிறங்கும் இரண்டு டாங்கிகளிலும், சீட்டுக்கு அடியிலுள்ள மற்றொன்றிலுமாகப் பகிர்ந்து வைக்கிறார்கள். ஓசூரில் வண்டிகள் செய்யும் டி.வி.எஸ். ஸ்தாபனம், பிரெஞ்சு ஷெர்கோவோடு கூடி இப் பந்தயத்தில் இறங்கியுள்ளது. அதன் சார்பில் கேரளத்து ஹரித் நோவா 2024 ஜனவரியில் ராலி-2 பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் பதினோராம் இடமும் பெற்றபோது, அவரது வண்டியும் அவ்வாறு பகுக்கப்பட்ட டாங்கிகளோடுதான் அரேபிய மணலைக் கடந்தது.

எடையைவிட வஞ்சனை மிக்கது அலைவு. முழுவதும் நிறைந்த டாங்கியில் திரவம் அசைய இடமில்லை. காலியான டாங்கியில் அசையத் திரவமில்லை. பாதி நிறைந்த டாங்கியில்தான் பெட்ரோல் தன் இஷ்டப்படி ஓடுகிறது. பத்து சென்டிமீட்டர் ஆழமும் 45 சென்டிமீட்டர் நீளமும் உள்ள திரவப் பரப்பு முன்னும் பின்னுமாக அலைகிற இயற்கை வேகத்தைக் கணித்தால், வினாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை என்று வருகிறது. பள்ளத்துக்கு முன் பிரேக் பிடிப்பதும் விடுவதும், மேட்டில் ஏறி இறங்குவதும் ஏறத்தாழ இதே தாளத்தில் நிகழ்வதால், திரவத்தின் அலைவு ஓட்டுகிறவரின் செய்கையோடு சேர்ந்து பெருகிவிடக்கூடும். பக்கவாட்டில் இன்னும் கவனம் வேண்டும். சாய்ந்த கலத்தில் திரவம் தாழ்ந்த புறமாக ஓடி மேலும் சாய்க்கின்ற சக்தி, திரவப் பரப்பினுடைய அகலத்தின் முப்படிக்கு விகிதசமமானது என்பது கப்பற் சாஸ்திரத்தின் பழம்பாடம். அகலத்தை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியிலும் எட்டில் ஒன்றும், இரண்டிலும் சேர்த்து நாலில் ஒன்றுமே மிஞ்சும். சட்டத்தின் குழாய்க்காக நடுவில் விட்ட குடைவு, இவ்வாறு தற்செயலாக ஒரு பெரும் நன்மையைச் செய்கிறது. பட்டறையில் புதிதாகச் செய்யும் டாங்கிக்குள்ளும் துளையிட்ட தடுப்புத் தகடு ஒன்றை வைக்கச் சொல்வது கூலிக்குத் தகுந்த வேலை.

டாங்கியைத் தாங்கும் கொக்கிகளையும் ரப்பர்களையும் மறந்துவிடலாகாது. 25 லிட்டர் பெட்ரோலும் டாங்கியுமாக 24 கிலோ என்றால், வண்டி பள்ளத்தில் மோதும்போது ஈர்ப்பின் மும்மடங்கு அதிர்ச்சி ஏற்படுமாயின், அந்தக் கொக்கிகளின் மேல் விழும் விசை 70 கிலோ எடைக்குச் சமானமாகும். மேலும் ஹேண்டில்பாரை இரு புறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஃபோர்க்கும் ஒயர்களும் டாங்கியில் இடிக்காமல் இருப்பதைச் சோதிக்க வேண்டும். காற்றினால் குளிரும் எஞ்சினாக இருந்தால், கீழிறங்கிய டாங்கியின் பக்கங்கள் சிலிண்டருக்கு வரும் காற்றை மறைக்காமலும் இருக்க வேண்டும்.

என்ன பதார்த்தத்தால் டாங்கியைச் செய்வது என்பதில்தான் ரசாயனம் குறுக்கிடுகிறது. அயல்நாட்டுப் பெரிய டாங்கிகளிற் பல பாலிஎத்திலினால் ஆனவை. அச்சுக்குள் பிளாஸ்டிக் தூளை இட்டு, உலைக்குள் சுழற்றிச் சுழற்றி உட்சுவரில் உருகிப் படியச் செய்கிற முறையில் அவற்றில் பலவும் உருவாகின்றன. நம் வீட்டு மாடிகளில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் பிறந்த முறையும் அதுவே. தண்ணீரின் மூலக்கூறுகளுக்கு அந்தச் சுவரில் வழியில்லை. பெட்ரோலின் மூலக்கூறுகளோ பாலிஎத்திலினுக்கு இனமானவை ஆகையால், அதனிடையே மெல்ல ஊடுருவிச் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. டாங்கியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கொப்புளித்து எழுவதும், அடித்த பெயின்ட் உரிந்து போவதும் இதனாலேதான். பெட்ரோலை உறிஞ்சிய பிளாஸ்டிக் சற்று உப்பவும் செய்யும். கழற்றிய டாங்கியை மறுபடி மாட்டும்போது திருகுத் துளைகள் நேருக்கு நேர் வராமற் போவதை அனுபவத்திற் காண்கிறோம். உட்சுவரை ஃப்ளோரின் வாயுவால் பதப்படுத்தியோ, இடையில் வேறு பிளாஸ்டிக் அடுக்கு வைத்தோ இந்த ஊடுருவலைக் குறைக்கிறார்கள். அவ்வாறு செய்யாத டாங்கி உள்ள வண்டியை வீட்டு முகப்புக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தி வைத்தல் தகாது; பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து தங்கும்.

இரும்புத் தகட்டு டாங்கியின் பகை துரு. அரிமானத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் நாட்டில் வேறில்லை. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரம் நாட்டி, 1953 ஜனவரி 14-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. கடற்காற்று இரும்பைத் தின்னும் விதத்தை ஆராய, மண்டபம் என்னும் கடலோர ஊரில் அதற்கு ஒரு கிளையும் உண்டு. பல்லாண்டுகளாக அந் நிலையம் ஆராய்ந்துவரும் அரிமானத்தின் அடிப்படை நியதியை ஒரு பழைய டாங்கியின் அடியில் அப்படியே காணலாம். பாதி காலியான டாங்கிக்குள் புகுந்த ஈரக்காற்று, ஐப்பசி கார்த்திகை இரவுகளில் குளிர்ந்து, உட்சுவரில் துளிகளாக இறங்குகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமாதலால் அடியிலுள்ள மடிப்புத் தையலில் போய்த் தேங்குகிறது. தையலின் இடுக்குக்குள் பிராணவாயு குறைவு, வெளியே அதிகம், இந்த ஏற்றத்தாழ்வே ஒரு நுண்ணிய மின்கலமாகிவிடுகிறது. பிராணவாயு குறைந்த இடத்திலுள்ள இரும்பு கரைகிறது. அதனால்தான் டாங்கி எங்கும் பளபளப்பாக இருக்க, அடித் தையலில் மட்டும் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் கசிகிறது.

எத்தனால் இந்நிலையைச் சிக்கலாக்குகிறது. எத்தனால் தண்ணீரை விரும்பி ஏற்கும் சுபாவமுடையது, சிறிதளவு ஈரம் வந்தால் அதைப் பெட்ரோலோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பிவிடும், அது நன்மையே. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் நீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனியடுக்காகத் தங்கிவிடுகின்றன. பத்து சதவீத எத்தனால் கலவையில் அவ்வெல்லை சுமார் அரை சதவீதம். மின்சாரத்தை ஓரளவு கடத்தும் அந்த அடுக்கு இரும்புக்கும் சில உலோகப் பூச்சுகளுக்கும் கேடு செய்யும். பழைய ரப்பர்க் குழாய்களையும் ஒட்டுப் பசைகளையும் எத்தனால் இளகச் செய்யும். 2023 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளின் பாகங்கள் இருபது சதவீதக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. தனியே வாங்கிப் பொருத்தும் டாங்கியும் அதன் உட்பூச்சும் அவ்வாறு தாங்குமா என்று கேட்டறியாமல் காசு கொடுக்கக்கூடாது. பெரிய டாங்கி பொருத்தியவர்கள் ஊருக்குள் ஓட்டும் காலத்தில் அதைக் கால்வாசியே நிரப்பி வைப்பது வழக்கம். அப்போது ஈரக்காற்றுக்குக் கிடைக்கும் இடமும் முன்னிலும் பெரிது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஓர் அபாயத்தை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய டாங்கியை அறுத்துத் தகடு சேர்த்துப் பெரிதாக்கிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். நிறைந்த டாங்கிக்குள் ஆவி இந்த அளவைத் தாண்டிச் செறிந்திருக்கும். கவிழ்த்துக் காலி செய்த டாங்கியே வெடிக்கும் எல்லைக்குள் வந்து நிற்கிறது. 15 லிட்டர் டாங்கியை வெடிக்கத்தக்கதாக்க ஒரு மில்லிலிட்டருக்குச் சற்று மேற்பட்ட பெட்ரோல் போதும். தையல் இடுக்குகளிலும் துருவின் அடியிலும் அதைவிட மிகுதியாகவே ஒளிந்திருக்கும். சோப்புநீராலும் வெந்நீராலும் பல முறை அலசி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, வெல்டிங் செய்யும் இடத்தில் மாத்திரம் சிறிது இடம் விட்டு வேலை செய்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அந்தப் பொறுமை இல்லாதவரிடம் டாங்கியைக் கொடுப்பது அவருடைய கண்ணையும் கையையும் பணயம் வைப்பதாகும்.

சட்டமும் இதில் கவனிக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. ஆகையால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கொடுத்தவரிடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஐந்து லிட்டர் கேன் ஒன்றே போதுமென்றால் இத்தொல்லை எதுவும் இல்லை. முதல் ஹிமாலயன் வண்டியில் டாங்கியின் இரு மருங்கிலும் உள்ள இரும்புச் சட்டங்கள் கேன்களைக் கட்டிக்கொள்ளவும் உதவும். என்னைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்கு அந்தக் கேனே போதும் என்பேன்.

எல்லாம் ஆய்ந்து பெரிய டாங்கியையே பொருத்தியவர், நெடும் பிரயாணத்துக்கு முன் ஊருக்கு அருகிலேயே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். டாங்கியை வெறுமையாக்கி, அளவுப் பாத்திரத்தால் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விட்டு நிறுத்துக. அந்த இடம் வீணன்று. பெட்ரோல் ஒரு பாகை சூட்டுக்கு ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு விரிகிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து 25 பாகையில் வந்த 20 லிட்டர், சித்திரை வெயிலில் 45 பாகைக்கு ஏறினால், நானூறு மில்லிலிட்டர் அளவுக்குப் பெருகும். பிறகு, கார்புரேட்டர் வண்டியானால், ஒரு லிட்டர் பெட்ரோலைத் தனிப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, வண்டி தானாக நிற்கும் வரை ஓட்டுக. நின்ற இடத்தில் டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து, எஞ்சியதை அளந்து, ஊற்றியதிலிருந்து கழித்துக்கொள்க. இன்ஜெக்‌ஷன் வண்டியை வறண்டு நிற்க விடலாகாது. எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் நிறுத்தி, மிச்சத்தை அளந்துகொள்க. இவ்வாறு கிடைக்கும் எண்ணைக் கெட்டியான பெயின்டால் சீட்டின் அடிப்புறத்தில் எழுதி வைத்துவிட்டால், தாண்டியின் பங்க்கில் நிற்கும்போது எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று தடுமாற வேண்டியதில்லை.